துருவை மறைத்தலும் துருவை நீக்கலும்



  

காசி நகரை அடுத்த இசிபதனத்து மான் சோலையில் பகவன் புத்தர் எழுந்தருளியிருந்த காலத்தில், பிக்குகளை விளித்து ஒரு பழங்கதை கூறியருளினார். அது அங்குத்தர நிகாயத்தில் உள்ளது. பசேதனன் என்னும் அரசன் ஒருவன், ஆறு மாதத்தில் போர் மூளும் என்பதை உணர்ந்து, தன் தேர்த்தச்சனை அழைத்து, அதற்குள் புதிய சக்கரம் இரண்டு செய்து தருமாறு பணித்தான். தச்சனும் இசைந்தான். ஆறு மாதம் நிறைவதற்கு ஆறு நாள் இருக்கும்போது வேலை எம்மட்டில் உள்ளது என்று அரசன் வினவினான். ஒரு சக்கரம் மாத்திரமே முடிந்திருந்தது. எஞ்சிய ஆறு நாளில் மற்றொன்றைச் செய்து முடிக்க இயலுமா என்றான் அரசன். இயலும் என்றான் தச்சன்; அவ்வாறே முடித்தும் கொண்டு வந்தான்.

அரசன் இரண்டையும் உற்று நோக்கினான். கண்ணுக்கு யாதொரு வேற்றுமையும் புலப்படவில்லை. 'இவ்விரண்டிற்கும் வேற்றுமைதான் யாது?' என்று கேட்டான். தச்சன் வாயால் விடை கூறவில்லை. ஆறு நாளில் செய்ததை முதலில் உருட்டிவிட்டான். உந்திய விசை உள்ள மட்டும் அது ஓடிற்று. பின் தள்ளாடிச் சுழன்று மண்ணில் சாய்ந்தது. ஆறு மாதத்துச் சக்கரத்தை உருட்டினான். அதுவும் விசை உள்ள மட்டும் ஓடிற்று. பின், அச்சில் பூட்டியது போன்று நிமிர்ந்தே நின்றது. விழுந்த சக்கரத்தின் வட்டையிலும் ஆரக்காலிலும் குடத்திலும் கோணல் இருந்தது, மரத்தின் சாறு வற்றவில்லை, குற்றம் களையப்படவில்லை. நின்றதில் அவை யாவும் களையப்பட்டிருந்தன. அத்தச்சனாக அந்நாளில் இருந்தவர் தாமே என்று பகவன் கூறினார். மரத்தின் கோணலை அறிந்தவர், பின்னர் உடலின் கோணலையும் சொல்லின் கோணலையும் மனத்தின் கோணலையும் களையும் வகை கற்பித்தார்.

உளி பிடிப்பவனையும் சம்மட்டி பிடிப்பவனையும் தாழ்ந்தோர் என்று ஒதுக்கி வைத்த நாடு இது. போதிசத்துவர் கைத்தொழிலாளராகப் பிறந்து, தொழிலிலே நேர்மை பயின்றார் என்று நம் நூல் கூறுவதை, அவ்வாறு ஒதுக்கியவர்களும் ஒதுக்கப்பட்டவர்களும் ஒருங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். 1898ஆம் ஆண்டில் பண்டித அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த பின்னர், அத்தம்மம் இக்கோலார் தங்கவயலுக்கு வந்து வேரூன்றியதும் சுரங்கத்திலும் சுரங்கப் பட்டறைகளிலும் உழைத்த தமிழ் மக்களிடத்தேதான்.

இக்கதையை இன்று எடுத்துக் கொண்டமைக்குக் காரணம் ஒரு பழைய லாரி.

நம் சங்கத்து உபாசகர் ஒருவர் மோட்டார் வண்டிகளின் தகட்டு வேலை செய்பவர். பட்டறைகளில் இதனை டிங்கரிங் என்பர். அவருடைய பாட்டனார் சுரங்கப் பட்டறையில் இரும்பு வேலை பயின்றவர். 2001ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது, இவ்வூரில் எஞ்சியது கைகளிலே தங்கியிருந்த தொழிலறிவு ஒன்றே. அவ்வறிவைக் கொண்டே இவர் குடும்பம் உண்டு வருகின்றது. இவரிடம் சரக்கு வண்டித் தொழில் நடத்தும் அன்பர் ஒருவர், தம் தந்தையார் முதன்முதலில் வாங்கி ஓட்டிய லாரியைப் புதுப்பித்துத் தரும்படி ஒப்படைத்திருக்கிறார்.

டாடா நிறுவனத்தார் ஜெர்மனி நாட்டு டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தாரோடு கூடி, 1954ஆம் ஆண்டு முதல் ஜாம்ஷெட்பூரில் செய்தளித்த லாரிகளுள் ஒன்று அது. நீண்டு திரண்ட மூக்கும், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினும், முகப்பில் வளையத்துள் மூன்று முனை விண்மீனும் கொண்டது. 1969ஆம் ஆண்டில் அக்கூட்டு முடிவுற்ற பின் விண்மீன் மறைந்து டாடாவின் குறியே முகப்பில் விளங்கலாயிற்று. நம் நாட்டில் லாரிகள் முழு உருவத்தோடு தொழிற்சாலையிலிருந்து வருவது அக்காலத்தில் அரிது. அடிச்சட்டம், எஞ்சின், முகப்பு ஆகியவை மாத்திரம் வரும். ஓட்டுநர் அமரும் கேபினையும் பின்புறச் சுமைப் பெட்டியையும் உள்ளூர்க் கொட்டகைகளில் தச்சரும் கொல்லரும் கட்டித் தருவர். ஜெர்மானியர் வகுத்த எஞ்சின், ஜாம்ஷெட்பூரில் வார்த்த இரும்பு, தமிழ்க் கை அடித்த தகடு! மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாடுகளின் வினைஞர் தமிழ் வினைஞரோடு கூடிச் சோழன் தோட்டத்தில் ஒரு மண்டபம் எழுப்பிய செய்தியை மணிமேகலை கூறுகின்றது. கைத்தொழிலுக்கு நாட்டெல்லை என்றும் இருந்ததில்லை.

கேபின் கையால் கட்டப்பட்டதாகலின், அதன் உறுப்பு எதுவும் எக்கடையிலும் விலைக்குக் கிடைக்காது. ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்தே பொருத்துதல் வேண்டும். அவ்வேலையைக் காணும் பொருட்டு நான் சில நாள் அப்பட்டறையில் அமர்ந்திருந்தேன். ஒரு சுத்தத்தை விரித்துரைக்கும் அளவிற்கு அங்கே பாடம் இருந்தது.

முதலில் பழைய வர்ணத்தைச் சுரண்டி எடுத்தார்கள். வர்ணத்தின் கீழ் வேறொரு வர்ணம். அதன் கீழ் மற்றொன்று. அவற்றின் கீழே, விரல் கனத்திற்குப் பட்டி. சொட்டையும் பள்ளமும் தெரியாதிருக்கத் தகட்டின்மேல் அப்பித் தேய்க்கும் களிம்பிற்குப் பட்டி என்று பெயர். மெல்லியதாய்ப் பூசினால் அது குற்றமன்று. எந்தக் கைவினைஞனும் அதனைப் பயன்படுத்துவான். ஆயின் இங்கே, தகடு துருப்பிடித்து ஓட்டையான இடத்தில், உள்ளே சாக்குத் துணியைத் திணித்து, அதன்மேல் பட்டியை அப்பி, வழவழப்பாகத் தேய்த்து, வர்ணம் பூசியிருந்தார்கள். எந்நாளில் எவர் செய்தனர் என்பது யாருக்கும் தெரியாது. வெளித்தோற்றத்தில் அக்கதவு நன்றாகவே இருந்தது. கதவின் அடியில் திருப்புளியால் தட்டியபோது, திருப்புளி உள்ளே சென்றுவிட்டது.

துரு எவ்வாறு உண்டாகிறது? இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடுமிடத்தே உண்டாகிறது. மூன்றனுள் ஒன்று நீங்கினும் துரு இல்லை. உப்பு சேரின் விரைவு கூடும். இது உள்ளபோது அது உண்டாகும். இது இல்லாதபோது அது இல்லையாகும் என்னும் சார்பின் வழித் தோற்றத்தை, பன்னிரு நிதானங்களாக வகுத்து மணிமேகலையின் இறுதிக் காதை விளக்குகிறது. அந்நுண்பொருளை நூலில் ஓதி மயங்குவோர் லாரிக் கதவின் அடிப்பகுதியைப் பார்த்தால் எளிதில் தெளிவர். கண்ணாடி ஓரமாக வழியும் மழைநீர் கதவினுள் இறங்கும். நீர் வடிதற்கு வைத்த துளை தூசியால் அடைபடும். இரண்டு தகடுகள் மடிந்து சேருமிடத்தில் ஈரம் தங்கும். அங்கே காற்றும் புகும். துருவானது இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடம் கொள்வதாகலின், இடுக்கில் வளர்ந்து இரண்டு தகடுகளையும் பிளந்து விரிக்கும். அவ்விரிவில் பின்னும் ஈரம் சேரும். ஆணவமும் வெறுப்பும் இவ்வண்ணமே தமக்குரிய இடத்தைத் தாமே பெருக்கிக் கொள்ளுகின்றன.

தம்மபதத்தின் மலவர்க்கத்தில் அடுத்தடுத்து இரண்டு உவமைகள் வருகின்றன. ஒன்றில், வெள்ளியின் மாசை நீக்கும் கொல்லனைப் போல அறிவுடையோன் தன் மாசைச் சிறிது சிறிதாக, கணந்தோறும் நீக்குக என்கிறார் பகவன். அடுத்ததில், இரும்பில் பிறந்த துரு அவ்விரும்பையே தின்பது போலத் தீயோனைத் தன் செயலே தீக்கதிக்கு ஈர்த்துச் செல்லும் என்கிறார். கொல்லனையும் துருவையும் அருகருகே வைத்த அமைப்பைக் கவனித்தல் வேண்டும். நோயைக் கூறுமிடத்தே மருத்துவனும் நிற்கின்றான்.

இனி, துரு நீக்கும் முறையைக் கேளுங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்ப்பர். மேற்போக்கான துருவாயின் தேய்த்தாலே போகும். மிஞ்சிய கறையைப் பாஸ்பாரிக் அமிலம் பூசிச் செயலற்றதாக்குவர். ஆழமாகப் பற்றியதாயின், நல்ல உலோகம் தென்படும் வரை வெட்டி எறிவர். இங்கேதான் ஆசை குறுக்கே வரும். ஓட்டை ஒரு காசளவுதானே இருக்கிறது, காசளவு ஒட்டுப் போட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. ஓட்டையைச் சூழ்ந்துள்ள தகடு கண்ணுக்கு முழுமையாகத் தெரியினும், உள்ளே காகிதம் போல் மெலிந்திருக்கும். பற்றவைக்கும் சுடர் பட்டதும் உருகி ஓடும். ஆகவே காசளவு ஓட்டைக்குக் கையகலம் வெட்ட நேரும். ஓட்டுநர் காலடித் தகட்டில் இரண்டு சிறு ஓட்டைகள் எனத் தொடங்கிய வேலை, அத்தகடு முழுவதையும் எடுத்தெறிந்து முடிந்தது. நம்மிடமுள்ள ஒரு குறையை நீக்கப் புகுந்தோர்க்கும் இது அனுபவத்தில் தெரியும். பொய்யை விடத் தொடங்கியவன், பொய்க்கு ஆதாரமான அச்சத்தையும், அச்சத்திற்கு ஆதாரமான பற்றையும் தொட்டே ஆதல் வேண்டும்.

வெட்டிய இடத்திற்கு அட்டையில் அளவு எடுப்பர். அட்டையைத் தகட்டின்மேல் வைத்துக் கோடு கிழித்து வெட்டுவர். தகடு 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் கனம். மடிப்பு வேண்டுமிடத்தில் இரும்பு விளிம்பின்மேல் வைத்து மரச்சுத்தியால் மடிப்பர். சக்கர மறைப்பு போன்று இரு திசையிலும் வளைந்த உறுப்பிற்கு இது பயன்படாது. மணல் மூட்டையின்மேல் தகட்டை வைத்து, உருண்டை முனைச் சுத்தியால் நூற்றுக்கணக்கான சிறு அடிகள் அடித்துக் குழிவாக்குவர். பின் உள்ளே இரும்புக் கட்டையைத் தாங்கு கொடுத்து மேலே தட்டிச் சமன் செய்வர். ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். நீண்ட தகட்டைச் சுருக்குவது, சொன்ன கடுஞ்சொல்லைத் திரும்பப் பெறுவதை ஒத்தது. இயலாதென்று கூறேன், மிகக் கடினம்.

பற்றவைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மெல்லிய தகட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால், சூட்டினால் அது அலையலையாய்க் கோணிவிடும். எனவே முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வைப்பர், ஆறவிடுவர், கையால் தொட்டுப் பார்ப்பர், பின் இடைவெளிகளை நிரப்புவர். சூடு குறைந்தால் உலோகம் கலவாது. மிகுந்தால் ஓட்டை விழும். அங்குத்தர நிகாயத்தில் பகவன் கூறிய பொற்கொல்லன் உவமை எனக்கு அங்கே நினைவிற்கு வந்தது. பொற்கொல்லன் சமயம் பார்த்து ஊதுகிறான், சமயம் பார்த்து நீர் தெளிக்கிறான், சமயம் பார்த்துச் சும்மா நோக்கியிருக்கிறான். ஊதிக்கொண்டே இருந்தால் பொன் எரிந்துபோம். நீரே தெளித்தால் குளிர்ந்துபோம். நோக்கியே இருந்தால் பக்குவம் அடையாது. முயற்சியும் அமைதியும் நடுநோக்கும் தியானத்தில் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு இஃது உவமை. தியானம் செய்ய முயன்று, 'மனம் அடங்கவில்லை' என்று முறையிடும் இளைஞர் பலர் ஊதிக்கொண்டே இருப்பவர்கள். முதியோரில் பலர் நோக்கியே இருக்கிறார்கள்; சிலருக்கு அது உறக்கமாகவும் முடிகிறது.

காலடித் தகடு புதிது. கதவின் அடி புதிது. சக்கர மறைப்பின் பாதி புதிது. சுமைப் பெட்டியின் பலகை யாவும் புதியன. அப்படியாயின் இது அப்பெரியவர் ஓட்டிய லாரிதானா? உரிமையாளரின் மகன், கல்லூரியில் பயிலும் இளைஞன், இக்கேள்வியை விளையாட்டாகக் கேட்டான். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் சாகல நகரத்து யவன மன்னன் மிலிந்தனிடம் நாகசேன தேரர் இதையே கேட்டார். மன்னன் தேரில் வந்ததாகக் கூற, தேர் என்பது யாது, ஏர்க்காலா, அச்சா, சக்கரமா, நுகமா என்று ஒவ்வொன்றாக வினவினார் தேரர். ஒவ்வொன்றிற்கும் அன்று என்றே மன்னன் விடையிறுக்க நேர்ந்தது. இவ்வுறுப்புகள் கூடியவழித் தேர் என்னும் பெயர் வழங்குகிறது. அதற்கப்பால் தேர் என்று தனிப்பொருள் இல்லை என்பது இறுதியில் தெளிவாயிற்று. அவ்வுவமையைத் தேரருக்கு முன்பே வஜிரை என்னும் பிக்குணி, தம்மை மருட்ட வந்த மாரனுக்கு எடுத்துரைத்ததாகச் சம்யுத்த நிகாயம் கூறும். இதனை நம் கூட்டங்களில் எடுத்துச் சொல்வோர் அரியர் என்பதால் இங்கே குறிக்கின்றேன்.

அரசாங்கத்தார் இவ்வினாவிற்குத் தம் வழியில் விடை வைத்திருக்கிறார்கள். அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணே வண்டி. 50 ஆண்டு கடந்த தனியார் இருசக்கர வண்டிகளையும் கார்களையும் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யும் விதி 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடிச்சட்டத்தையோ உடற்கூட்டையோ எஞ்சினையோ பெரிதும் மாற்றியிருத்தல் கூடாதென்று அது நிபந்தனை விதிக்கிறது. லாரிகள் அவ்விதியின்கண் அடங்கவில்லை. உழைத்த வண்டிக்குப் பெருமைப் பட்டியலில் இடமில்லை போலும்! இருக்கட்டும். எண்ணைக் கொண்டு இதுதான் அது என்பது உலக வழக்கு. வழக்கிற்கு அது வேண்டியதே. பொருளளவில் நோக்கின், அதுவுமன்று, வேறுமன்று. ஆயினும் 'நான்' என்பது இல்லையெனில் என் செயலுக்கு யார் பொறுப்பு என்று சிலர் இக்கொள்கையைக் குறுக்கு வழியாகக் கொள்வர். அன்று சாக்குத் துணி திணித்தவன் இன்று இல்லை, அவன் திணித்த துணி இருந்தது, துருவும் வளர்ந்தது. தேர் என்று தனிப்பொருள் இல்லையாயினும் கோணலான சக்கரம் மனிதரைக் கவிழ்க்கும்.

மேற்கூறியவை யாவும் முன்னுரை போன்றவை. உபாசகர் என்னிடம் கேட்ட வினாவிற்கு இப்போது வருகின்றேன்.

கேபின் வேலை பாதி நடக்கையில், அடிச்சட்டத்தை மண்ணெண்ணெய் தடவிச் சோதித்தார். மண்ணெண்ணெயைப் பூசிச் சற்றுநேரம் விட்டு, துணியால் நன்கு துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளைத் தூவுவது பழைய பட்டறை முறை. வெடிப்பு இருக்குமாயின் அதனுள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்தூளின்மேல் கருங்கோடாகத் தோன்றும். வலப்புற முன்சக்கரத்தின் பட்டை வில்லைத் தாங்கும் கொண்டியின் அருகே, ஒரு சாணளவிற்குக் கோடு தோன்றிற்று. செய்தவர்களின் குறையன்று அது. பல்லாண்டு மிகைச்சுமை ஏற்றியதாலும், பிற்காலத்தில் யாரோ அவ்விடத்தில் அவசரமாய்ப் பற்றவைத்ததாலும் நேர்ந்தது. அவ்விடம் முறிந்தால் முன் அச்சு நகரும். ஸ்டியரிங் கைவசம் இராது.

முறையான பழுதுபார்ப்பு இது: வில்லைக் கழற்றுதல், வெடிப்பின் இரு முனையிலும் துளையிட்டு அது மேலும் ஓடாதபடி தடுத்தல், வெடிப்பை நெடுகக் குடைந்து, ஈரமற்ற கம்பியால் ஆழப் பற்றவைத்தல், பின் முனைகள் சாய்வாக வெட்டிய கனத்த தகட்டை உட்புறம் பொருத்தி, நடுச்சுவரில் மட்டும் ஆணியிறுக்கி வலுப்படுத்தல். ஐந்து வாரம் ஆகும் என்றார். வைசாகப் பௌர்ணமிக்கு இருப்பதோ இரண்டே வாரம். இவ்வாண்டு நம் ஊர்வலத்தில் பகவனின் திருவுருவத்தை அந்த லாரியில் அலங்கரித்து எழுந்தருளச் செய்ய உரிமையாளர் அன்போடு இசைந்திருந்தார். விழாக் குழுவினரும் மகிழ்ந்து ஏற்றிருந்தனர். 'மேலாகப் பற்றவைத்து வர்ணம் பூசிவிடு. ஊர்வலம் முடியட்டும், பிறகு முறையாகச் செய்யலாம். உனக்கு இயலாதெனில் வேறு பட்டறைகள் உள்ளன' என்று உரிமையாளர் கூறிவிட்டார்.

'ஐயா, நான் வாயால் ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லை. வர்ணம் பூசுவது முசாவாதம் ஆகுமா? புத்தர் ஊர்வலத்திற்காகத்தானே?' என்பதே அவருடைய வினா.

உபாசகன் விலக்க வேண்டிய வாணிகம் ஐந்தெனப் பகவன் கூறினார்: ஆயுதம், உயிர்கள், ஊன், கள், நஞ்சு. வர்ணம் பூசுதல் அவற்றுள் இல்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆயின் மஜ்ஜிம நிகாயத்தின் மகாசத்தாரீசக சுத்தத்தில், தீய வாழ்க்கைத் தொழில் இன்னது என விளக்குமிடத்து முதலிற் கூறப்படுவது வஞ்சனை. மறைத்தலே வஞ்சனையின் உயிர். நாவினாற் கூறினும், தூரிகையினாற் கூறினும், 'இது உறுதியானது' என்று பிறரை நம்பச் செய்வது ஒன்றே. அதன்மேல், நம் ஊர்வலம் செல்லும் பாதையில் நீண்டதோர் இறக்கம் உண்டு. வண்டியின் முன்னும் இருபுறமும் கொடி பிடித்து நடப்போர் நம் குழந்தைகள். ஆகலின் இது நான்காம் சீலத்தோடு நிற்பதன்று. முதற் சீலத்தையும் தொடுகிறது. புத்தருக்காக என்பதால் இலேசாகிவிடாது. பகவனின் பெயரால் நூறு பேரை நம்பி நடக்கச் செய்வதால் கனமே கூடும். இதுவே அவருக்கு நான் கூறிய விடை.

விடை கூறுவது எனக்கு எளிது. கூலி இழப்பது அவர். இரண்டு மாத வேலை அது. மகளின் பள்ளிக் கட்டணம் அதில் அடங்கியிருக்கிறது. நேர்மையாய் நின்றால் நாளையே பத்து லாரி வந்து வாசலில் நிற்கும் என்று நான் அவருக்கு வாக்களிக்கவில்லை. கம்மமானது மாதந்தோறும் வட்டி தரும் வங்கியன்று. அவ்வாறு ஆசை காட்டிச் சீலத்தைப் போதிப்போர், சீலத்தின்மேலேயே பட்டி பூசுகிறார்கள் என்பது என் கருத்து. அவர் உரிமையாளரை அழைத்து, மீண்டும் மண்ணெண்ணெய் தடவித் தூள் தூவி, கருங்கோடு தோன்றுவதைக் கண்முன் காட்டினார். பசேதனன் முன் தச்சன் சக்கரத்தை உருட்டிக் காட்டியது போன்றதே இது. உரிமையாளர் நெடுநேரம் குனிந்து பார்த்தாராம். ஒன்றும் கூறாமல் சென்றாராம். இன்று வரை விடை வரவில்லை. லாரி வர்ணமின்றி, செங்காவிப் பூச்சோடு நிற்கிறது.

ஆறு மாத வேலையை ஆறு நாளில் கேட்டவன் அரசன். தச்சன் செய்த இரண்டாம் சக்கரம் கோணலாயிற்று என்றால், அதில் அரசனின் அவசரத்திற்கும் பங்கு உண்டு. வேலை கொடுப்போர் கெடுவை நெருக்கி, விலையைக் குறைத்து, மேற்பூச்சின் பளபளப்பை மட்டும் கண்டு கூலி அளப்பாராயின், நேரிய கைவினைஞன் எங்ஙனம் பிழைப்பான்? நம்மில் வண்டி வைத்திருப்போர், வீடு கட்டுவோர், நகை செய்விப்போர் பலர் உளர். வேலை செய்தவனிடம் 'உள்ளே என்ன செய்தாய், காட்டு' என்று கேட்டு, காட்டியதற்கும் கூலி கொடுங்கள். அடியில் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாததாகலின் அதற்குப் பணம் கொடுக்க மனம் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாததற்குக் கொடுப்பதே சிரத்தை.

பகவன் இறுதியாக உணவு ஏற்றது சுந்தன் என்னும் கம்மியன் மகன் இல்லத்தில், பாவா நகரில். அவ்வுணவிற்குப் பின் நோய் கடுமையாயிற்று. வழியில் சோர்ந்து படுத்திருந்த நிலையிலும் அவருக்கு வந்த கவலைகளில் ஒன்று அக்கம்மியனைப் பற்றியது. 'உன் உணவால் ததாகதர் மறைந்தார்' என்று யாரேனும் அவன்மேல் பழி சுமத்தக்கூடும், அவனும் மனம் நோகக்கூடும் என்று எண்ணி, போதி பெறுவதற்கு முன் ஏற்ற உணவும் பரிநிப்பானத்திற்கு முன் ஏற்ற உணவும் சம பயனுடையவை என்று அவனிடம் கூறுமாறு ஆனந்தரைப் பணித்தார். ஊர் ஒரு தொழிலாளியின்மேல் எளிதில் பழி சுமத்தும் என்பதை அறிந்திருந்தவர் அவர். வரும் நாட்களில், 'இவன் பிடிவாதத்தால் ஊர்வலத்தின் அழகு கெட்டது' என்று நம் உபாசகரைக் குறித்து யாரும் பேசலாகாது.

விழாக் குழுவினர் நேற்று மாலை கூடி, இவ்வாண்டு ஊர்வலத்திற்கு லாரி வேண்டுவதில்லை என்றும், வேலை முறையாக முடிந்தபின் அடுத்த வைசாகத்திற்கு அன்போடு ஏற்றுக் கொள்வதாகவும் உரிமையாளருக்கு எழுதுவதென முடிவு செய்துள்ளனர். கெடு நீங்கிற்று, இனி அவர் உள்ளம். திருவுருவம் தோளிலே எழுந்தருளும். அதற்குரிய மரச்சட்டம் விகாரையின் பின்கட்டில் இருக்கிறது. ஒரு கால் சற்று ஆடுகிறது, தச்சரிடம் காட்டியாயிற்று. தோள் கொடுப்பதற்குப் பதினாறு பேர் வேண்டும். இறக்கத்தில் மாற்றிக் கொள்ள இன்னும் எண்மர். இயன்றோர் உரை முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுங்கள்.